கிளட்ச் ஏன் மறுபடியும் போனது?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இந்த வருஷம் நீ பேசு. பசங்களுக்கு உபயோகமா இருக்கணும், அரை மணிக்கு மேல போகக் கூடாது" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பத்தி" என்றார். ரொம்பச் சௌகரியமான நிபந்தனை. எனக்குத் தெரிந்தது கியர்பாக்ஸும் கிளட்ச்சும். படிப்பு முடிந்த நாள் முதல் அந்த இரண்டோடுதான் குடித்தனம். ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு காரில் கிளட்ச் போகிறது. புதிது போடுகிறோம். சில மாதத்தில் அதுவும் போகிறது. இன்னொன்று போடுகிறோம். அதுவும் போகிறது. அப்போது என்ன செய்ய வேண்டும்?

சொந்தமாகக் கார் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு இது செலவுக் கணக்கு. மாணவர்களுக்கு இது, மாற்றுவது வேறு, கண்டுபிடிப்பது வேறு என்று சொல்லித் தரும் பாடம். எனக்குத் தெரிந்த ஒரு டிரைவருக்கு இது சம்பளப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில், மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, கிளட்ச் என்ன செய்கிறது என்று இரண்டு நிமிஷம் சொல்லிவிடுகிறேன்.

பிடிப்பதும் விடுவதும்

எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது பிளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில், இரு பக்கமும் லைனிங் வைத்த வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட். அதன் நடுத்துளை, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் பற்களில் கோத்திருக்கும். பிரஷர் பிளேட்டுக்குள் டயாபிரம் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கிறது. ஆழமில்லாத கிண்ணம் போன்ற எஃகுத் தகடு. உள்பக்கம் விரல் விரலாக வெட்டியிருக்கும். அதன் வேலை கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு நசுக்கிப் பிடித்திருப்பது. நாம் பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், ரிலீஸ் பேரிங் போய் அந்த விரல்களை அழுத்தும், பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, பெடலை மிதிக்கும்போது கிளட்ச் பிடிப்பதில்லை, விடுகிறது. காலை எடுத்த நிலைதான் அதன் இயல்பான நிலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முழுக்கப் பிடித்திருக்கும்போது தேய்மானம் இல்லை. முழுக்க விட்டிருக்கும்போதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் சூடும் தேய்மானமும். நம் டிரைவர்கள் "ஆஃப் கிளட்ச்" என்பது இந்த நிலையைத்தான்.

எவ்வளவு சூடு? கணக்குப் போட்டுப் பார்ப்போம், இது என்ஜினியரிங் காலேஜ் அல்லவா! எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நின்ற வண்டி கிளம்பும்போது கிளட்ச்சில் உண்டாகும் வெப்பம், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமம். 1,000 கிலோ எடையுள்ள கார் முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முழுப் பிடிக்கு வந்தால் சுமார் 3,900 ஜூல். அதே காரைச் சோம்பேறித்தனமாக இரண்டாம் கியரில் கிளப்பினால், முழுப் பிடி 20 கிலோமீட்டரில்தான் வரும். வேகம் இரண்டு மடங்கு, ஆகவே வெப்பம் நான்கு மடங்கு. 15,000 ஜூலுக்கு மேல்.

இப்போது மேட்டுக்கு வாருங்கள். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கிறது. ஹேண்ட் பிரேக் போடாமல், ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பின்னால் போகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எஞ்சின் 1,200 ஆர்.பி.எம்., முதல் கியரில் மொத்த விகிதம் 14 என்று வைத்தால், கிளட்ச்சில் இறங்கும் சூடு கிட்டத்தட்ட 2,400 வாட். வீட்டில் துணி தேய்க்கும் ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் இரண்டரையை உள்ளே வைத்து மூடியது போல. அரை நிமிஷம் அப்படி நின்றால், பத்தொன்பது தடவை நின்று கிளம்பியதற்குச் சமம்! ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடும் கிளட்ச்சுகள் நிறைய இருக்கின்றன. பதினைந்தாயிரத்தில் கருகுபவையும் இருக்கின்றன. வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான்.

போனது என்றால் எப்படிப் போனது?

பட்டறையில் "கிளட்ச் போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அந்த வார்த்தைக்குள் மூன்று நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன.

ஒன்று, வழுக்கல். மேல் கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. பிடி போதவில்லை என்று பொருள்.

இரண்டு, விடாமை. பெடலை முழுக்க மிதித்தாலும் பிடி முழுசாக விடுவதில்லை. எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலை முழுக்க மிதித்து ஐந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். கரகரவென்று உரசினால் விடவில்லை என்று சந்தேகப்படலாம்.

மூன்று, உதறல். கிளம்பும்போது வண்டி குலுங்கும். லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிளைவீல் முகம் கெட்டிருக்கலாம், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம்.

நான்கு, சத்தம். பெடலை மிதித்தால் வரும் சத்தம் என்றால் முதலில் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். மிதித்தால் நின்றுவிடும் சத்தம் என்றால் கியர்பாக்ஸின் உள்ளே வரும் ஷாஃப்டின் பேரிங்கைப் பாருங்கள்.

வழுக்கலும் விடாமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றில் பிடிக்கவில்லை, மற்றதில் விடவில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் "பிளேட் மாத்துங்க" என்று சொன்னால் எப்படி? வயிற்றுப்போக்குக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே மாத்திரை கொடுத்த மாதிரி.

கழற்றிய பிறகு செய்யும் பெரிய தப்பு, பழைய சாமானைக் காயலான் கடைக்குப் போடுவது. அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது. லைனிங் ஈரமாக, பளபளப்பாக இருந்தால் எண்ணெய். முகர்ந்து பார்த்தால் எஞ்சின் ஆயிலா, கந்தக வாடை அடிக்கும் கியர் ஆயிலா என்று தெரியும். முதலாவது என்றால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல், இரண்டாவது என்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல். அந்தச் சீலை மாற்றாமல் எத்தனை பிளேட் போட்டாலும் வீண். பிளேட்டின் நடுப்பகுதி, ஹப், விண்டிருந்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் நேர்க்கோட்டில் உட்காரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் இடம் பிசகாமல் நிறுத்தும் சின்ன டவல் பின் ஒன்று கடைசியாகப் பிரித்தபோது தொலைந்திருக்கும். அல்லது கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் முழு எடையையும் பிளேட்டின் மேல் தொங்கவிட்டிருப்பார்கள். பிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் கடுஞ்சூடு. டயாபிரம் விரல்களின் நுனி தேய்ந்து பளபளத்தால், பேரிங் எப்போதும் அதன் மேல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

சேலத்து வண்டி

இனி நான் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என் செட் நண்பன் ஒருவனின் சித்தப்பா சேலத்தில் நான்கு கார் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறார். அதில் ஒரு சின்ன கார். கேபிள் கிளட்ச், நட்டைத் திருகிக் கையால் அட்ஜஸ்ட் செய்யும் வகை. அந்தக் காரில் மூன்றாவது கிளட்ச்சும் கருகிவிட்டது. முதல் கிளட்ச் 62,000 கிலோமீட்டரில், இரண்டாவது 78,000-இல், மூன்றாவது 91,000-இல்.

அந்த வண்டி வாரம் மூன்று நான்கு தடவை ஏற்காடு ஏறும். இருபது கொண்டை ஊசி வளைவு. சித்தப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தம்பி, அவன் காலு கிளட்ச்ச விட்டு எறங்கறதே இல்ல. மலை முழுக்க ஆஃப் கிளட்ச்தான்." டிரைவர் ஐம்பது வயதுக்காரர். மாதாமாதம் சம்பளத்தில் ஆயிரத்து ஐநூறு பிடித்தம். அடுத்த கிளட்ச் போனால் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். கேட்டா வண்டியில கோளாறுங்கறான்" என்றார் சித்தப்பா. நல்ல பழமொழிதான். ஆனால் சில வீட்டில் கூடமே கோணலாகத்தான் இருக்கும். அளந்து பார்க்காமல் அதை எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல வேளை, பழைய செட்டைப் பட்டறையில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். பார்த்தேன். எண்ணெய் இல்லை. இரண்டு பக்க லைனிங்கும் ஒரே அளவு தேய்ந்து கருகியிருந்தன. பிளைவீலில் நீலத் திட்டுகள். விரல் நுனிகள் தேய்ந்து கண்ணாடி போல் பளபளத்தன. ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றினால் மணல் போட்ட மாதிரி நெறநெறத்தது. ஆக, யாரோ அல்லது எதுவோ அந்தப் பெடலை எப்போதும் கொஞ்சம் அழுத்தியே வைத்திருக்கிறது.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். டிரைவரின் கால் எப்போதும் பெடல் மேல் இருந்தாலும் இதே தடயம்தான் வரும். கேபிள் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தாலும் இதே தடயம்தான் வரும். ஆகவே கழற்றிய சாமானை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் இன்னொரு சோதனை வேண்டும்.

முதல் சோதனைக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. சித்தப்பாவின் வண்டிக் கணக்கு நோட்டு போதும். அந்த டிரைவர் வேலைக்குச் சேர்ந்தபோது வண்டி 70,000 கிலோமீட்டரில் இருந்தது. முதல் கிளட்ச் கருகியது அவர் வருவதற்கு முன்னால். இரண்டாவது கிளட்ச்சின் பாதி ஓட்டம் வேறு டிரைவரின் கையில். மேலும், இதே டிரைவர் நடுவில் மூன்று மாதம் இதே மாடல் இன்னொரு வண்டியை இதே மலைக்கு ஓட்டியிருக்கிறார். அந்த வண்டியில் கம்பெனியில் போட்டு வந்த கிளட்ச் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளை மாற்றினால் கோளாறு வண்டியோடு நின்றுவிடுகிறது, ஆளோடு போகவில்லை. இதற்குப் பெயர்தான் மாற்றுச் சோதனை. லேபில் நாம் செய்வதும் இதுதான்.

அதே நோட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. 58,000 கிலோமீட்டரில், முதல் கிளட்ச் போவதற்கு முன்பே, "ரிவர்ஸ் விழல, கேபிள் டைட்" என்று ஒரு வரி. அதன் பிறகு அதே வரி ஆறு இடங்களில். "கேபிள் டைட்", "கேபிள் டைட்" என்று.

இரண்டாவது சோதனை, பெடலின் சும்மா ஓட்டம். பட்டறையில் "பிளே" என்பார்கள். பெடலை விரலால் அழுத்தினால், கேபிள் இறுகும் வரை லேசாக உள்ளே போக வேண்டும். இந்த வகைச் சின்ன கார்கள் பலவற்றில் அது 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். இந்த வண்டியில் யார் காலும் பெடலில் இல்லாதபோதே பிளே சைபர்!

பிளே ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் பிளைவீல் பக்கம் நகரும். அப்போது டயாபிரம் விரல்கள் எதிர்ப்பக்கம், அதாவது பேரிங் பக்கம், அதைவிடப் பல மடங்கு எழும்பும். அந்த நகர்வுக்கு இடம் கொடுக்கத்தான் பிளே. இந்த வகை கேபிளில் தேய்மானம் கூடக் கூடப் பிளே குறையும். அதனால்தான் அவ்வப்போது அளந்து கேபிளைத் தளர்த்த வேண்டும். புதுப் பிளேட் போட்ட அன்றே பிளேயைச் சைபர் ஆக்கிவிட்டால், கொஞ்சம் தேய்ந்ததும் விரல்கள் எழும்ப இடமில்லை. பேரிங் அவற்றைத் தடுத்து நிற்கும். காலை எடுத்த நிலைதான் கிளட்ச்சின் இயல்பு நிலை என்று முதலில் சொன்னேனே, அந்த இயல்பு நிலைக்கே அது திரும்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் எப்போதும் பெடல் மேல் இருக்கிற மாதிரி. பிடி குறையும், வழுக்கும், சூடேறும், கருகும்.

அப்படியானால் தப்பு மெக்கானிக் மேலா? அங்கேயும் அவசரப்படக் கூடாது. "ஏங்க இவ்வளவு டைட் பண்ணீங்க?" என்று கேட்டேன். "லூஸ் விட்டா ரிவர்ஸ் விழல சார். புது செட்டு போட்டாலும் விழல. டைட் வெச்சாத்தான் விழுது" என்றார். அவர் சொன்னது உண்மை. கொண்டுவந்த குறைக்கு அவர் மருந்து கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் கேள்வி மாறுகிறது. சரியான பிளே வைத்தால் இந்த வண்டி ஏன் விடமாட்டேன் என்கிறது? மிதிக்கும் மிதி எங்கே போகிறது?

மூன்றாவது சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். "அண்ணே, நீங்க பெடலை மெதுவா முழுக்க மிதிச்சு விடுங்க" என்று டிரைவரை உட்காரச் சொல்லிவிட்டு, நான் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகட்டுச் சுவர் உண்டு. கேபிளின் வெளி உறை அந்தச் சுவரில்தான் முட்டுக் கொடுத்து நிற்கும். அவர் மிதிக்க மிதிக்க அந்தச் சுவரே நகர்ந்தது! கேபிள் உட்காரும் துளையைச் சுற்றி அரை வட்டமாக ஒரு விரிசல். துருவும் பெயிண்டும் மூடியிருந்ததால் சும்மா பார்த்தால் தெரியாது. மிதித்தால் வாய் பிளக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். 6 மில்லிமீட்டர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெடல் முழுக்கப் போவது சுமார் 140 மில்லிமீட்டர். பெடலின் நெம்புகோல் விகிதம் 4. ஆக, கேபிள் நகர்வது 35. அதில் 6 தகட்டை வளைப்பதிலேயே போய்விடுகிறது. பெடலில் 20 மில்லிமீட்டர் பிளே என்றால் கேபிளில் அது 5. அதாவது, தொலைந்த 6 மில்லிமீட்டரை ஈடுகட்ட வேண்டுமானால் பிளே முழுவதையும் விழுங்கியே ஆக வேண்டும். மெக்கானிக் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்திருக்கிறார்.

விரிசல் ஏன் வந்தது? கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாத கேபிள். உள்ளே கம்பி பிரி பிரியாகப் பிரிந்து, உறைக்குள் அரைத்துக்கொண்டிருந்தது. கேபிள் உறைக்குள் உராய்வு ஏறினால் பெடல் கனக்கும். பெடலில் கூடும் அந்த இழுவைக்கு எதிர்விசை அந்தத் தகட்டின் மேல்தான் விழும். மலைப் பாதையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மிதி. தகடு களைத்து விண்டுவிட்டது.

ஐந்து "ஏன்"

டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1978-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் ஒரு மெஷின் நின்றுபோன உதாரணம் சொல்கிறார். பியூஸ் போனது, ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை, ஏன்? எண்ணெய்ப் பம்பு சரியாக இறைக்கவில்லை, ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது, ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போயிற்று. முதல் "ஏன்" கேட்டதோடு நிறுத்தியிருந்தால் பியூஸ் மட்டும் மாற்றியிருப்போம்.

நம் சேலத்து வண்டிக்கும் அதே ஏணிதான். பிளேட் கருகியது, ஏன்? வழுக்கியது. ஏன் வழுக்கியது? பிளே இல்லை. ஏன் இல்லை? ரிவர்ஸ் விழவில்லை என்று டைட் செய்தார்கள். ஏன் விழவில்லை? தகடு விண்டு, மிதி வீணானது. ஏன் விண்டது? காய்ந்துபோன கேபிள். மூன்று தடவையும் எல்லோரும் முதல் படியிலேயே நின்று பிளேட்டை மாற்றினார்கள். அதற்கும் கீழே இறங்கவேண்டிய இடத்தில் ஒரு மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். "டிரைவர் சரியில்லை" என்ற பதில் வந்துவிட்டால் அடுத்த "ஏன்" கேட்கத் தோன்றுவதில்லை, அதுதான் அந்தப் பதிலில் உள்ள ஆபத்து.

பிறகு நடந்தது சுருக்கமானது. டிங்கரிங் கடையில் விரிசலின் இரு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்து, மேலே ஒரு பட்டைத் தகடும் வைத்துக் கொடுத்தார்கள். புதுக் கேபிள். பிளைவீலை லேத்தில் முகம் எடுத்து, புது கிளட்ச் செட். பிளே 20 மில்லிமீட்டர். ரிவர்ஸ் பூ மாதிரி விழுந்தது. வெல்டிங்கும் கேபிளும் சேர்ந்து ஒரு கிளட்ச் செட் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதே டிரைவர், அதே மலை. அந்தக் கிளட்ச் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடியது.

சித்தப்பா நல்ல மனிதர். பிடித்த பணத்தை இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் டிரைவர் என்னிடம் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "சார், இந்தத் தகடு விட்டிருந்ததுன்னு அந்த நோட்டுல எழுதிடுங்க. நாளைக்கு வேற யாராச்சும் பாத்தா, இவன் கிளட்ச்சக் கருக்கினவன்னு சொல்லக் கூடாதுங்க" என்றார். எழுதினேன். தேதி, கிலோமீட்டர், விரிசலின் அளவு எல்லாம் போட்டு எழுதினேன். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய ஒருவருக்கு அந்த ஒரு வரி சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இதில் சட்டமும் நம்மைவிட முன்னால் யோசித்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடா சட்டமே, சேதத்துக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதானால், அது அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. காரணம் தெரியாமல் தண்டனை கூடாது என்பதுதான் அதன் சாரம். இதைத்தான் நாம் டயக்னோசிஸ் என்கிறோம்.

கிளட்ச்சே இல்லாத காலத்தில்

"அண்ணா, எலெக்ட்ரிக் கார் வந்தாச்சு. அதில் கிளட்ச்சே கிடையாது. இதை நாங்க ஏன் படிக்கணும்?" என்று மாணவர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2014-இல் நம் நாட்டில் மாருதி செலேரியோ வந்தபோது, ஏ.எம்.டி. என்ற கியர் முறை சின்ன கார்களுக்கும் வந்தது. அதில் கிளட்ச் பெடல் இல்லை. ஆனால் உள்ளே கிளட்ச் இருக்கிறது, நம் காலுக்குப் பதில் ஒரு கருவி அதை இயக்குகிறது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்தினால், அந்தக் கிளட்ச்சும் அதே 2,400 வாட் கணக்கில்தான் வேகும். எலெக்ட்ரிக் காரில் கிளட்ச் இல்லைதான். ஆனால் திரும்பத் திரும்பப் போகும் ஏதோ ஒரு பார்ட் அதிலும் இருக்கும். ஒரு பேரிங்கோ, ஒரு கனெக்டரோ, ஒரு சீலோ. அன்றைக்கும், "மாத்திட்டோம் சார், மறுபடி போயிடுச்சு, ஆபரேட்டர் சரியில்ல" என்று ஒருவர் உங்கள் முன்னால் வந்து நிற்பார்.

அப்போது நான்கு காரியம் செய்யுங்கள். ஒன்று, கழற்றிய பார்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், படியுங்கள். இரண்டு, எப்போது, எத்தனை ஓட்டத்தில், யார் கையில் என்று எழுதி வரிசையாகப் பாருங்கள். மூன்று, இரண்டு காரணங்களுக்கு ஒரே தடயம் வந்தால், அவற்றைப் பிரித்துக் காட்டும் சோதனையைத் தேடுங்கள். நான்கு, புதுப் பார்ட்டைப் போடுவதற்கு முன்னால், "பழையது ஏன் போனது?" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

கார் ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் கொஞ்சம் சொல்லி முடிக்கிறேன். காலைக் கிளட்ச் மேல் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், பக்கத்தில் அதற்கென்றே இடம் இருக்கிறது. மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளம்புங்கள். கேபிள் வண்டியாக இருந்தால் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பிளே அளக்கச் சொல்லுங்கள். பெடல் திடீரென்று கனத்தால் "பழகிடும்" என்று விடாதீர்கள். கிளட்ச் மாற்றினால் பழைய செட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஆட்டோமொபைல் லேபில் கண்ணாடி அலமாரிக்குள் புத்தம்புது வெட்டு மாடல்கள் இருக்கின்றன. நாங்கள் படித்தபோதும் இருந்தன. அவற்றின் பக்கத்தில், கெட்டுப்போன பார்ட்டுகளுக்கு ஒரு அலமாரி வையுங்கள். எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும், ஆளுக்கு ஒரு கெட்டுப்போன பார்ட்டை, ஏன் கெட்டது என்று ஒரு சீட்டில் எழுதி, நாம் அனுப்பிவைக்கலாம். தபால் செலவுதான் ஆகும். நல்ல பார்ட் எப்படி இருக்கும் என்று பாடப்புத்தகம் காட்டிவிடும். கெட்ட பார்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துப் பழகிய மாணவன், நாளைக்கு யார் மேலும் அவசரப்பட்டுப் பழி போடமாட்டான். முதல் பார்ட்டை நானே இன்று கொண்டுவந்திருக்கிறேன். நுனி தேய்ந்த ஒரு டயாபிரம் ஸ்பிரிங். கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவரிடம் ஒப்படைக்கிறேன், வந்து தொட்டுப் பாருங்கள்.